ஆமையும் மாரியும்

சென்ற கார்த்திகையில் ஒருநாள், இலண்டனிலிருந்து என் தமக்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரித்தாள், நானும் விசாரித்தேன். பின்பு சிறிது தயங்கி, "மாமா, ஒரு விஷயம் கேக்க வேணும். சிரிக்கக் கூடாது" என்றாள். சிரிப்பதில்லை என்று வாக்களித்தேன்.

"உங்கடை வீட்டிலை முந்தி ஒரு ஆமை வளர்த்ததெண்டு அம்மா சொல்லுவா. மாரிக்கு அதுக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

அவளுடைய பிள்ளைகள் ஒரு நட்சத்திர ஆமையை வளர்க்கிறார்களாம். அந்நாட்டிலேயே கூட்டிற் பிறந்தது. உரிய சான்றிதழுடன் வாங்கியது. கோடையில் வீட்டுத் தோட்டத்துப் புல்லும் பூவும் அதற்குப் போதுமாயிருந்தன. இப்பொழுது தோட்டம் பட்டுப்போயிற்று. கடையில் வாங்கிய சலாது இலையை நாடோறும் இடுகிறார்கள். ஆமை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

நன்னூற் சூத்திரத்திற் கேட்டிருந்தால் அப்பொழுதே விடை சொல்லியிருப்பேன். இந்த வினாவுக்கு எனக்கு உடனே விடை வரவில்லை. "நாளைக்குச் சொல்லுறன், பிள்ளை" என்று தப்பித்துக்கொண்டேன். மறுநாட் சொன்ன விடை சுருக்கமானது. அந்த விடையின் பின்னாலே ஒரு கதை இருக்கிறது. அதைத் தொலைபேசியிற் சொல்ல இயலவில்லை. இங்கே சொல்லுகிறேன்.

தமிழ் படித்தவனுக்கு ஆமையைத் தெரியாமற் போகாது. நிகண்டு படித்த காலத்திலே கமடம், கச்சபம், கூர்மம் என்று அதன் பெயர்களை நெட்டுருச் செய்திருக்கிறேன். சங்கப் புலவர் அதனை யாமை என்பர். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார், ஆமைப் பார்ப்புத் தாயின் முகத்தை நோக்கியே வளருமென்கிறார். குறுந்தொகையிற் கிள்ளிமங்கலங்கிழார், வெளியே சொல்லமுடியாமல் உள்ளத்துக்குள்ளேயே கிடந்து அழியும் காதலுக்குத் தாயில்லாத ஆமை முட்டையை உவமை கூறுகிறார். வள்ளுவரோ அடக்கமுடைமை அதிகாரத்திலே ஐம்பொறிகளை அடக்குதற்கு ஆமையையே உவமையாக்கினார். சைவர்க்கு இன்னுமொன்று தெரியும். மீன் பார்வையினாலும், பறவை தொடுதலினாலும், ஆமை நினைவினாலும் தத்தம் முட்டைகளைப் பொரிப்பிக்குமென்று சொல்லி, நயன தீட்சை, பரிச தீட்சை, மானச தீட்சை என்னும் மூன்றையும் ஆசிரியர்கள் விளக்குவார்கள். கரையிலே முட்டையிட்டுவிட்டு நீருக்குள் இருந்து நினைத்துக்கொண்டேயிருக்குமாம் தாய் ஆமை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இவற்றுள் எதுவும் ஆமை எதைத் தின்னுமென்று சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. வீட்டுக் கோடியிலே ஆமை ஒன்று கிடக்க, திண்ணையில் இருந்து ஆமையைப் பற்றிய குறளுக்கு உரை படித்தவன் நான்.

அந்த ஆமை 1989 ஆம் ஆண்டில் எங்கள் இணுவில் வீட்டுக்கு வந்தது. மன்னாரிற் கடமை பார்த்த சிற்றப்பா, பற்றைக்காட்டு வழியிற் கண்டெடுத்ததென்று ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அப்போது சிரட்டையளவு. கரிய ஓட்டிலே ஒவ்வொரு தகட்டின் நடுவிலுமிருந்து மஞ்சட் கோடுகள் கதிர்போல் விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை என்னும் பெயர் அதனால் வந்தது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும், இலங்கையின் உலர்ந்த பகுதிகளிலும் வாழ்வது. நீரில் வாழ்வதன்று, நிலத்தில் நடப்பது.

அப்பாச்சி அதைக் கண்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டா. "ஆமை புகுந்த வீடு உருப்படுமே?" என்றா. என் தந்தையார் ஆசிரியர். அவர், "அது ஆமை அல்ல, ஆச்சி, ஆம்பி. காளான் பூத்த வீடு உருப்படாதெண்டதைத்தான் சனங்கள் மாத்திப் போட்டுதுகள்" என்று பாடபேதம் கூறி வழக்கை முடித்துவைத்தார். கமடம் என்று அதற்குப் பெயருமிட்டார். அப்பாச்சியின் நாவில் அது கமலமாயிற்று. அன்றிலிருந்து அது கமலந்தான்.

வேண்டாமென்றவளே வளர்ப்புத் தாயானாள். கோடிப்புறத்தில், பழைய கோழிக்கூட்டைத் திருத்திக் கமலத்தைக் குடிவைத்தா. காலையிற் சோறு. பத்து மணிக்குக் கதலி வாழைப்பழம் ஒன்று. பின்னேரம் பசளி இலை. சில நாளில் தோசைத் துண்டு. மாரி தொடங்கி வாடை வீசினால் அதற்குக் குளிருமென்று கூட்டைச் சாக்கினால் மூடி, சோற்றைக் கரைத்துக் கஞ்சியாக வைப்பா. கமலம் தின்றது. அதிலும் வாழைப்பழத்தைக் கண்டால் கழுத்தை நீட்டி ஓடிவந்து தின்றது. தின்னுவதைக் காண அப்பாச்சிக்கு ஆனந்தம்.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் ஓடு நேராக வளரவில்லை. நட்சத்திர ஆமையின் தகடுகள் இயல்பிலேயே சிறிது கூம்பியவைதாம். கமலத்தின் தகடுகளோ ஒவ்வொன்றும் ஒரு புற்றுப்போல எழுந்து நின்றன. ஓட்டின் விளிம்பை விரலால் அழுத்தினால் நெகிழ்ந்துகொடுத்தது. மாரியில் மூக்கால் நீர் வடியும். நடையும் குறைந்தது. "வயசு போகுதாக்கும்" என்றா அப்பாச்சி. நெடுங்காலம் வாழக்கூடிய இனமென்று பேர்பெற்ற பிராணிக்கு ஆறு வயதில் முதுமை!

காரணம் இன்று தெரிகிறது. நட்சத்திர ஆமையின் குடல் நார்ப்பொருளுக்காக அமைந்தது. புல்லும் இலையும் பூவுமே அதன் உணவு. சோறும் தோசையும் வெறும் மாப்பொருள். பழம் சிறிதளவென்றாற் பொருந்தும். நாடோறும் கொடுத்தால் குடலிற் புளித்து நொதிக்கும். ஓடு என்பது எலும்பு. எலும்புக்குக் கல்சியம் வேண்டும். அதுவும் உணவிலுள்ள பொசுபரசைப் போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். வாழைப்பழத்திலோ பொசுபரசே மிகுதி. பசளி நல்ல கீரைதான்; எனினும் அதிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் கல்சியத்தைக் கட்டிவைத்து உடம்பிற் சேரவிடாது. சாக்கினால் மூடியபோது வெயிலும் மறைந்தது. வெயில் இன்றேல் உயிர்ச்சத்து டி இல்லை. அது இன்றேல் உண்ட கல்சியமும் பயன்படாது. அன்பினால் எதெதைச் செய்யக்கூடாதோ அதையெல்லாம் செய்தோம்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி மாலை. வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே இடம்பெயரவேண்டுமென்ற அறிவிப்பு வந்தது. அந்த இரவை யாழ்ப்பாணத்தார்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கையில் அகப்பட்டதை எடுத்தோம். மழையும் தொடங்கிற்று. அப்பாச்சியைச் சைக்கிளின் பின்னால் ஏற்றக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். கோடிப்புறத்திலே கையில் அரிக்கன் இலாம்போடு நின்றா. கூட்டின் கதவைக் கழற்றி அப்பால் எறிந்துவிட்டா. கமலத்தைத் தூக்கிச் செவ்வரத்தை மரத்தடியில் விட்டா. "கூட்டுக்குள்ளை கிடந்தா செத்துப்போம். வெளியிலை விட்டா அதின்ரை பாடு" என்றா. வேறொன்றும் பேசவில்லை.

செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடக்க அந்த இரவும் மறுநாளிற் பாதியும் சென்றன. இலட்சக்கணக்கானோர் அடியடியாக நகர்ந்த வழி அது. மீசாலையில் உறவினர் ஒருவர் வீட்டு விறாந்தையில் எங்களுக்கு இடங் கிடைத்தது.

அந்த மாரி முழுவதும் விறாந்தையில் ஒரு கேள்வி இருந்தது. சாப்பிட இருக்கும்போதெல்லாம் அப்பாச்சி கேட்பா: "கமலம் இண்டைக்கு என்ன திண்டிருக்கும்?" ஒருவரும் விடை சொல்வதில்லை. மனிதருக்கே சோறு அரிதான காலம். அதனால் அவவே விடையும் சொல்லிக்கொள்ளுவா. "மழை பெய்யுது, அறுகு தளைச்சிருக்கும்." மற்றொரு நாள், "வேலியிலை முசுட்டை படர்ந்திருக்கும், இலை எட்டும்." பின்னொரு நாள், "செவ்வரத்தம்பூ கொட்டியிருக்கும். அது பூவைத் தின்னும், நான் கண்டனான்." தூதுவளை, குறிஞ்சா, கிணற்றடி வல்லாரை, உதிர்ந்த முருங்கையிலை, பூசணிப்பூ, தெற்கு வேலியோரத்து நாகதாளி என்று நாளுக்கொன்றாகச் சொல்லுவா. ஒருநாட் சொன்னதை மறுநாட் சொல்வதில்லை. சோற்றையும் வாழைப்பழத்தையும் ஒருநாளும் சொல்லவில்லை. அவற்றைக் கொடுக்க அங்கே ஆளில்லை என்பது அவவுக்குத் தெரியும். இருபத்தைந்து வயதான நான், கிழவி மனங்கலங்கிப் பிதற்றுகிறாவென்று எண்ணிக்கொண்டேன்.

தைப்பொங்கல் கழிந்து எட்டாம் நாள் அப்பாச்சி மீசாலையிலேயே கண்மூடினா. அங்கேயே தகனஞ் செய்தோம்.

1996 சித்திரையின் பிற்பகுதியில் வீடு திரும்பினோம். கூரை பாதி, யன்னல் பாதி. வளவு முழுவதும் புல்லும் பற்றையும். கமலத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வளவு துப்புரவாக்கும்போது, நாகதாளிப் பற்றையடியில் மண்வெட்டி எதிலோ தட்டிற்று. கல்லென்று நினைத்துக் குனிந்தேன். கல் தலையை நீட்டிற்று.

தூக்கினேன். முன்னையிலும் பாரம். விளிம்பை அழுத்தினேன், நெகிழவில்லை. ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் புதிதாக வளர்ந்த ஒரு வளையம் இருந்தது. பழைய மேடுகள் மேடாகவே இருந்தன, அவை மாறா. புதிய வளையமோ ஒப்புரவாக வளர்ந்திருந்தது. மூக்கு உலர்ந்திருந்தது. தரையில் விட்டேன், விறுவிறென்று நடந்துபோயிற்று.

அன்று மாலை நான் வளவைச் சுற்றிப் பார்த்தேன். தமிழ் படித்தவன் ஏட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். வேலி முசுட்டையில் ஒரு சாண் உயரம்வரை இலைகள் கடிபட்டிருந்தன. அதற்கு மேல் ஒன்றும் கடிபடவில்லை. செவ்வரத்தை மரத்தடியில் ஒரு பூவிதழும் இல்லை. அறுகு சில இடங்களிற் கத்தரித்ததுபோல் இருந்தது. நாகதாளியின் நிலத்தைத் தொட்ட மடல்களிற் பிறைபோலக் கடித்த வடுக்கள். காய்ந்த எச்சத்தை உடைத்தால் உள்ளே வைக்கோல்போல நார். இடையிடையே கொய்யா விதை. அப்பாச்சி மீசாலை விறாந்தையில் இருந்து சொன்ன அட்டவணை முழுவதும் அங்கே கடிபட்டுக் கிடந்தது. அவ சொல்லாதது ஒன்றே ஒன்று. மழைக்கு வந்து செத்த நத்தைகளின் வெளுத்த ஓடுகள் கிணற்றடியிற் கிடந்தன. சிலவற்றின் விளிம்பு தேய்ந்தும் உடைந்தும் இருந்தது. ஓட்டுக்கு வேண்டிய கல்சியத்தை அது தானே தேடிக்கொண்டது.

இதிலே நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. மாரிகாலம் ஆமைக்குப் பஞ்சகாலமென்று நாம் நினைத்தோம். அது குளிர்நாட்டு நினைப்பு. கில்பேட் உவைற் என்னும் ஆங்கிலப் பாதிரியார், 1780 ஆம் ஆண்டிலே தமக்கு உரிமையாய் வந்த திமொத்தி என்னும் ஆமையைச் செல்போண் என்னும் ஊரில் வளர்த்து, அதன் செயல்களை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் 1789 இல் வெளியிட்ட செல்போண் இயற்கை வரலாறு புகழ்பெற்ற நூல். அந்த ஆமை நவம்பரில் மண்ணைத் தோண்டிப் புதைந்து, ஏப்பிரலில் எழும்பும். இடையில் உணவே இல்லை. அது மத்தியதரைக் கடல் நாட்டு இனம். குளிருறக்கம் அதன் இயல்பு. ஆண் என்று எண்ணிப் பெயரிட்ட அந்தத் திமொத்தி பெண்ணென்பது இறந்தபின்பே தெரிந்ததாம். அதன் ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம்முடைய நட்சத்திர ஆமைக்கு அந்த உறக்கம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தை மாதத்து இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. யாழ்ப்பாணத்து மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் பெய்துவிடுகிறது. அப்பொழுதுதான் நிலம் பச்சை பூக்கிறது. ஆமையும் உற்சாகமாகத் திரிகிறது. அதன் பஞ்சகாலம் பங்குனி தொடங்கும் கோடையே. ஆகவே மாரியில் அதற்கு நாம் செய்யவேண்டியிருந்தது மிகச் சிறிது: மூடாமல் விடுதல்.

இலண்டனில் அது இயலாது. அங்கே மூடாமல் விட்டால் ஆமை இறந்துபோகும். உறங்கவும் விடக்கூடாது. ஆதலால் மருமகளுக்கு நான் சொன்னவை இவை. பகலிலே வெப்பம் 28 முதல் 30 பாகைவரை இருக்கட்டும். வெயிலுக்குப் பதிலாக ஊதாக்கடந்த கதிர் விளக்கு வேண்டும். சலாது பெரும்பாலும் நீர். அதை மட்டும் இட்டால் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. உலர்ந்த புல்லை நனைத்து இலைகளோடு கலந்து கொடு. கோடையிலேயே செவ்வரத்தைப் பூவையும் இலையையும் நிழலில் உலர்த்தி வைத்துக்கொள். நாகதாளி மடல் அங்கும் விலைக்குக் கிடைக்கும். முள்ளை நீக்கி நறுக்கிப் போடு. யன்னலோரத்துச் சாடியிலே புல்லும் கீரையும் முளைக்கவை. கோவா இலையும் பசளியும் எப்போதாவது சிறிது, நாளாந்தம் ஆகாது. பழம் அரிதாக. சோறும் பாணும் கூடவே கூடாது. ஆழமில்லாத தட்டில் இளஞ்சூட்டு நீர் வைத்து அடிக்கடி இறக்கிவிடு, குடிக்கவும் செய்யும். ஒரு கணவாய் ஓட்டை உள்ளே போட்டுவிடு. வேண்டியபோது அது கடித்துக்கொள்ளும். கணவாய் ஓடு நம் கடற்கரையிற் சும்மா கிடக்கும் பொருள். அங்கே கிளி வளர்ப்போருக்கென்று கடையில் விற்கிறார்களாம்.

"ஒவ்வொரு நாளும் ஒரே சாமானைக் குடாதை, பிள்ளை. இண்டைக்குக் குடுத்ததை நாளைக்கு மாத்து" என்று முடித்தேன். அப்பாச்சி மீசாலையிலே செய்தது அதுதான்.

அதை எண்ணும்போதுதான் மானச தீட்சைக்குப் படித்த உவமை எனக்கு விளங்குகிறது. கண்ணெதிரே கூட்டில் இருந்தபோது, அப்பாச்சி தான் கொடுக்க விரும்பியதைக் கொடுத்தா. எட்டாத தூரத்திற்குப் போனபின், அது உண்ண விரும்புவது எது என்று நினைத்தா. அந்த நினைவு கமலத்தை வளர்த்ததென்று நான் சொல்லமாட்டேன். வளர்த்தது மழையும் வளவும், கழற்றியெறிந்த கதவுமே. ஆனால் அந்தக் கதவைக் கழற்றியது அவவுடைய கை. தாய் ஆமை நினைவாற் பொரிப்பிக்கிறது என்றவர்கள், அருகிருந்து திணிக்காத அன்பு ஒன்று உண்டென்பதைக் கண்டிருக்க வேண்டும்.

முப்பது ஆண்டாகத் தமிழ் கற்பிக்கிறேன். எனக்கு இனிப்பான பாட்டையே மாணாக்கர்க்கும் நாடோறும் ஊட்டிய காலம் உண்டு. ஓடி வந்து தின்றார்கள், தின்கிறார்களென்று மகிழ்ந்தேன். சிலரின் ஓடு நெகிழ்ந்திருந்தது பின்னரே தெரிந்தது. இப்பொழுது நூலகத்தின் கதவைத் திறந்துவிட்டு அப்பால் நிற்கப் பழகுகிறேன்.

கமலத்தின் கதையை முடித்துவிடுகிறேன். அதை மீண்டும் கூட்டில் இடவில்லை. வளவிலேயே திரிந்தது. காட்டு ஆமையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றமென்பதைப் பிற்பட்ட காலத்திலேதான் நான் அறிந்தேன். அழகான ஓடே இந்த இனத்துக்குச் சத்துருவாயிற்று. கள்ளமாகப் பெட்டிகளில் அடைத்துக் கடல் கடத்துகிறார்கள். 2019 இல் உலக நாடுகள் கூடி, பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிலே நட்சத்திர ஆமையைச் சேர்த்தன. காட்டிற் பிடித்ததை வாணிகம் செய்ய இனி எந்த வழியும் இல்லை. சிற்றப்பா அன்று வழியிற் கண்டபோது அதை வழியிலேயே விட்டிருக்க வேண்டும். இப்பொழுது காண்பவர் அவ்வாறே விடுக. காயம்பட்டிருந்தால் வனசீவராசிகள் அலுவலர்க்கு அறிவிக்க.

போர் ஓய்ந்து பாதைகள் திறந்தபின், கமலத்தை உரிய அலுவலரிடம் ஒப்படைத்தேன். வன்னிப் பக்கத்துப் பற்றைக்காட்டில் விடுவதாகச் சொன்னார்கள். அது ஐப்பசி மாதம். முதல் மழை பெய்து இரண்டு நாள். பெட்டியிற் புல்லும் செவ்வரத்தம்பூவும் இட்டு அனுப்பினேன். வாழைப்பழம் ஒன்றையும் வைக்கக் கை நீண்டது, வைக்கவில்லை.

இப்பொழுதும் மாரி தொடங்கிச் சோற்றுக்கு இருக்கும்போது, என்னையறியாமலே அந்தக் கேள்வி எழும். கமலம் இன்றைக்கு என்ன தின்றிருக்கும்? விடையையும் நானே சொல்லிக்கொள்ளுகிறேன். நேற்றுச் சொன்னதை இன்று சொல்வதில்லை.